தபாலில் வரும் புரூஃப்: கலிஃபோர்னியா வாக்காளர் வழிகாட்டியைப் படித்த அனுபவம்

சென்னையில் ஓர் அச்சகத்தில் பதினொரு வருடம் புரூஃப் பார்த்தவள் நான். பள்ளிப் பாடநூல், கோயில் கும்பாபிஷேக மலர், கல்யாணப் பத்திரிகை, கட்சித் துண்டறிக்கை என்று எது வந்தாலும் சிவப்புப் பேனாவை எடுத்துக்கொண்டு உட்கார்ந்துவிடுவேன். பழைய பிரதியில் என்ன இருந்தது, புதியதில் எதை அடித்திருக்கிறார்கள், எதைச் சேர்த்திருக்கிறார்கள் என்று வரிவரியாகப் பார்ப்பேன். கலிஃபோர்னியாவின் ஃப்ரீமான்ட்டுக்கு வந்த பிறகு அந்தப் பேனாவுக்கு வேலை இல்லாமல் போயிருந்தது. இப்போது தேர்தல் வரும்போதெல்லாம் அதைத் தேடி எடுக்கிறேன். காரணம், தபாலில் வரும் ஒரு புத்தகம்.

கலிஃபோர்னியாவில் மாநிலம் முழுவதற்குமான தேர்தல் வந்தால், வாக்காளர் இருக்கும் வீட்டுக்கெல்லாம் மாநிலச் செயலர் அலுவலகம் ஒரு வழிகாட்டி நூலை அனுப்புகிறது. விலை கிடையாது. செய்தித்தாள் போன்ற மெல்லிய தாள், நெருக்கமான எழுத்து, எக்கச்சக்கப் பக்கங்கள். யாருக்கு ஓட்டுப் போடுவது என்பதைப் பற்றி அதில் கொஞ்சம்தான் இருக்கும். எதற்கு ஓட்டுப் போடுகிறோம் என்பதுதான் அதன் பெரும்பகுதி. அதாவது, மக்களே நேரடியாக ஓட்டுப் போட்டு முடிவு செய்யும் ப்ரொபோசிஷன்கள். இங்கே எல்லாரும் சுருக்கமாக ‘ப்ராப்’ என்பார்கள். சில ப்ராப்கள் சாதாரணச் சட்டங்கள், சில கடன் பத்திரங்கள். சில மட்டும் மாநிலத்தின் அரசியலமைப்பையே திருத்துபவை. நான் எழுதப்போவது பெரும்பாலும் அந்த மூன்றாவது வகையை இந்தப் புத்தகம் எப்படிக் கையாள்கிறது என்பதைப் பற்றித்தான்.

ஊரிலிருந்து இதைப் படிப்பவர்களுக்கு ஒரு சந்தேகம் வரும். மாநிலத்துக்குத் தனியாக அரசியலமைப்பா? எனக்கும் வந்தது. நம் நாட்டில் ஒரே அரசியலமைப்பு. அதைத் திருத்துவது நாடாளுமன்றம். சில திருத்தங்களுக்குப் பாதி மாநிலங்களின் சட்டமன்றங்களும் ஒப்ப வேண்டும், அவ்வளவுதான். 1951-ல் வந்த முதல் திருத்தத்துக்கு ஒரு காரணமே நம் சென்னை மாகாணத்து வகுப்புவாரி ஆணை வழக்கு. அப்படியிருந்தும் என் அப்பாவையோ தாத்தாவையோ யாரும் சீட்டுக் கொடுத்து ‘சேர்க்கலாமா, வேண்டாமா’ என்று கேட்கவில்லை. அமெரிக்காவில் 50 மாநிலங்களுக்கும் தனித்தனி அரசியலமைப்பு உண்டு. டெலவேர் ஒன்றைத் தவிர மற்ற எல்லா மாநிலங்களிலும் திருத்தத்துக்கு மக்கள் ஓட்டு வேண்டும். நாட்டின் அரசியலமைப்பு இதுவரை 27 முறைதான் திருத்தப்பட்டிருக்கிறது. 1879-ல் எழுதிய கலிஃபோர்னியா அரசியலமைப்பு 500 முறைக்கு மேல் திருத்தப்பட்டுவிட்டது. அத்தனை முறை அடித்து எழுதிய ஒரு கைப்பிரதி என் கைக்கு வந்திருந்தால், முதலில் எழுதியவரைக் கூப்பிடுங்கள் என்றுதான் முதலாளியிடம் சொல்லியிருப்பேன். இங்கே எழுதுகிறவரும் நாம்தான், திருத்துகிறவரும் நாம்தான்.

நான் குடியுரிமை வாங்கியது 2019-ல். 2020 நவம்பரில் முதல் ஓட்டு. அப்போது இந்தப் புத்தகத்தை நான் பிரிக்கவே இல்லை. 12 ப்ராப்கள், தடியான புத்தகம், கோவிட் காலம். தபால் பெட்டியில் தினமும் பளபளவென்று வண்ண அட்டைகள் வந்து விழுந்தன. அவற்றைப் பார்த்தே முடிவு செய்தேன். ப்ராப் 25 என்று ஒன்று இருந்தது. பணம் கட்டி ஜாமீன் வாங்கும் முறையை எடுத்துவிட்டு வேறு முறையைக் கொண்டுவந்த சட்டத்தை வைத்துக்கொள்வதா, நீக்குவதா என்ற கேள்வி. ‘ஆம்’ என்றால் அந்தச் சட்டம் நிற்கும். எதிர்த்தவர்கள் கேட்டுத்தான் அது ஓட்டுக்கே வந்தது என்று தெரிந்ததும், ‘ஆம்’ என்றால் சட்டத்தை நீக்கச் சொல்வது என்று எடுத்துக்கொண்டேன். நான் நினைத்ததற்கு நேர் எதிராக வட்டத்தை நிரப்பி, உறையை ஒட்டி, அனுப்பியும் விட்டேன். மூன்று நாள் கழித்து மகள் சாப்பாட்டு மேஜையில் அதைப் பற்றிப் பேசியபோதுதான் புரிந்தது. அன்று இரவு தூங்கவில்லை. பதினொரு வருடத்தில் ஒரு கல்யாணப் பத்திரிகையில்கூடத் தேதியைத் தப்பாக விட்டதில்லை நான். அப்புறம்தான், 2022-ல் வந்த புத்தகத்தை முதல் பக்கத்திலிருந்து படிக்கத் தொடங்கினேன்.

படிக்கத் தொடங்கியதும் தெரிந்தது, இதை முதல் பக்கத்திலிருந்து படிக்கக் கூடாது.

முன்பக்கத்தில் சுருக்கக் குறிப்புகள் இருக்கும்: ஒவ்வொரு ப்ராப்புக்கும் ‘ஆம்’ என்றால் என்ன, ‘இல்லை’ என்றால் என்ன, ஆதரிப்பவர் ஒரு வரி, எதிர்ப்பவர் ஒரு வரி. 2020-ல் இந்தப் பக்கங்களைப் பார்த்திருந்தாலே எனக்கு அந்தத் தவறு நேர்ந்திருக்காது. அவசரத்தில் இருப்பவர்களுக்கு அது போதும், நன்றாகவே எழுதியிருக்கிறார்கள். அதற்குப் பிறகு ஒவ்வொரு ப்ராப்புக்கும் தனிப் பகுதி. மாநிலத்தின் தலைமைச் சட்ட அதிகாரியான அட்டர்னி ஜெனரலின் அலுவலகம் எழுதும் தலைப்பும் சுருக்கமும், சட்டமன்ற ஆய்வாளர் அலுவலகத்தின் அலசல், ஆதரவு வாதம், எதிர்வாதம், இரண்டுக்கும் மறுப்பு. கடைசியில், பெரும்பாலோர் எட்டிப் பார்க்காத பின்பக்கங்களில், திருத்தத்தின் முழு வாசகம்.

நான் படிப்பது அந்தப் பின்பக்கங்களிலிருந்து. அங்கே ஒரு விதி உண்டு: நீக்கப்போகும் சொற்களின் மேல் கோடு கிழித்திருக்கும், சேர்க்கப்போகும் சொற்கள் சாய்வெழுத்தில் இருக்கும். முதல் முறை அதைப் பார்த்தபோது எனக்கு உடம்பு சிலிர்த்தது. இது புரூஃப்தான், வேறு எதுவும் இல்லை! ஒரு மாநிலத்தின் அடிப்படைச் சட்டத்தை, திருத்தக் குறிகளோடு அப்படியே, ஒவ்வொரு வாக்காளர் வீட்டுக்கும் அனுப்பி, ‘இந்தத் திருத்தம் போகலாமா, சொல்லுங்கள்’ என்று கேட்கிறார்கள்.

2024 நவம்பர் புத்தகத்தை எடுத்துக்கொள்கிறேன், என்னிடம் இன்னும் இருக்கிறது. அதில் பத்து ப்ராப்கள். எண்கள் 2 முதல் 6 வரை போய், சட்டென்று 32-க்குத் தாவி 36-ல் முடியும். என் கணவர் நடுவில் பக்கம் விட்டுப்போய்விட்டது என்றே நினைத்தார். சட்டமன்றம் அனுப்பியவை முதல் ஐந்து, பொதுமக்களிடம் கையெழுத்துத் திரட்டி வந்தவை அடுத்த ஐந்து. அந்தப் பத்தில் அரசியலமைப்புத் திருத்தங்கள் மூன்று: 3, 5, 6. மூன்றும் சட்டமன்றத்தின் இரு அவைகளிலும் மூன்றில் இரண்டு பங்கு ஆதரவோடு வந்தவை. மக்களிடம் வந்த பிறகு பாதிக்கு மேல் கிடைத்தால் போதும்.

ப்ராப் 3 எளிது. 2008-ல் ப்ராப் 8 வழியாக ஒரு வரி அரசியலமைப்பில் ஏறியிருந்தது: ஆணுக்கும் பெண்ணுக்கும் நடக்கும் திருமணம் மட்டுமே கலிஃபோர்னியாவில் செல்லும் என்று. நீதிமன்றத் தீர்ப்புகளால் 2013 முதல் அந்த வரிக்கு உயிர் இல்லை, ஆனாலும் அரசியலமைப்பில் இருந்தது. அதன்மேல் ஒரு கோடு. கீழே சாய்வெழுத்தில், திருமணம் செய்துகொள்ளும் உரிமை ஓர் அடிப்படை உரிமை என்று புதிய வரி. இதைப் பின்பக்கத்தில் படிக்க இரண்டு நிமிடம் ஆகவில்லை. வாதங்கள் பக்கத்தில் இரு தரப்பும் சேர்ந்து எழுப்பிய சத்தத்தைப் படித்துவிட்டு இதைப் பார்த்திருந்தால் நான் குழம்பியிருப்பேன். சுமார் 62 சதவீதம் பேர் ‘ஆம்’ என்றார்கள், நானும்.

ப்ராப் 6-க்கு வருகிறேன். இந்தப் புத்தகத்தின் பலம், பலவீனம் இரண்டும் எனக்குப் புரிந்தது அதில்தான்.

கலிஃபோர்னியா அரசியலமைப்பில், அடிமைத்தனம் கூடாது என்று ஒரு வாக்கியம், கட்டாய ஊழியம் கூடாது என்று அடுத்த வாக்கியம். அந்த இரண்டாவது வாக்கியத்தின் வாலில் நான்கே ஆங்கிலச் சொற்கள் ஒட்டிக்கொண்டிருக்கின்றன. ‘குற்றத்துக்குத் தண்டனையாக விதித்தால் தவிர’ என்று அவற்றுக்குப் பொருள். அமெரிக்க அரசியலமைப்பின் 13-வது திருத்தத்திலும், 1865-லிருந்து, இதே போன்ற விலக்கு உண்டு. அதனால் சிறையில் இருப்பவர் கொடுத்த வேலையைச் செய்ய மறுத்தால் அவரைத் தண்டிக்கலாம். கூலி, ஆய்வாளரின் அலசல் சொல்வதுபடி, பெரும்பாலும் மணிக்கு ஒரு டாலருக்கும் குறைவு. ப்ராப் 6 அந்த நான்கு சொற்களின்மேல் கோடு போட்டது. வேலை செய்ய மறுப்பவரைச் சிறைத்துறை தண்டிக்கக் கூடாது, தானாக முன்வந்து வேலை செய்பவருக்குத் தண்டனைக் காலத்தில் சலுகை கொடுக்கலாம் என்று சாய்வெழுத்தில் சேர்த்தது.

அந்தப் பக்கத்தை நான் எத்தனை முறை படித்தேன் என்று கணக்கில்லை. வடார்க்காட்டில் என் அம்மாவின் ஊர்ப்பக்கம் அரிசி ஆலைகளில் குடும்பம் குடும்பமாக அடைபட்டு வேலை செய்தவர்களைச் சின்ன வயதில் பார்த்திருக்கிறேன். கொத்தடிமை முறையை ஒழிக்க 1976-ல் சட்டம் வந்த பிறகும் அது இருந்தது. எங்கள் அச்சகத்தில் ஒரு தொண்டு நிறுவனத்தின் அறிக்கையைப் புரூஃப் பார்த்தபோது ‘கொத்தடிமை’ என்ற சொல் பக்கத்துக்குப் பத்து முறை வந்தது. கை நடுங்கியது நினைவிருக்கிறது.

எதிர்வாதம் இருக்கவேண்டிய இடத்துக்கு வந்தேன். எதிர்வாதம் எதுவும் தரப்படவில்லை என்று ஒற்றை வரி. அவ்வளவுதான். வாக்குச்சீட்டிலும் எதிர்ப்பவர் யாரும் இல்லை என்றே அச்சிட்டிருந்தார்கள். சரி, இது நிச்சயம் நிறைவேறும் என்று நினைத்தேன். கணவரிடமும் சொன்னேன். ஏறத்தாழ 53 சதவீதம் பேர் ‘இல்லை’ என்று போட்டுத் தோற்கடித்தார்கள். எதிர்த்து ஒருவர்கூட ஒரு பத்தி எழுதாத ஒரு திருத்தத்தை! அதே நாளில் பக்கத்து நெவாடாவில் இதே போன்ற திருத்தம் சுமார் 60 சதவீத ஆதரவோடு நிறைவேறியது. அதற்கு முன்பே கொலராடோ 2018-லும், அலபாமா, ஓரிகன், டென்னசி, வெர்மான்ட் 2022-லும் தத்தம் அரசியலமைப்பைத் திருத்திவிட்டிருந்தன.

நெவாடாவின் கேள்வியில் ‘அடிமைத்தனம்’ என்ற சொல் இருந்தது. கலிஃபோர்னியா வாக்குச்சீட்டில் அது இல்லை. சீட்டில் ஒரு ப்ராப்பைப் பற்றி 75 சொற்களுக்குள் எழுத வேண்டும் என்பது சட்டம். அந்த 75-க்குள் ‘கட்டாய ஊழியம்’ என்பதற்கான சட்ட மொழி மட்டும் இடம்பிடித்தது. தோல்விக்கு அது ஒன்றே காரணம் என்று சொல்ல மாட்டேன். குற்றங்களுக்குத் தண்டனையைக் கூட்டும் ப்ராப் 36 அதே சீட்டில் பெரிய ஆதரவோடு வென்றது, மக்களின் மனநிலை அப்படி இருந்தது. ஆனால் அந்தச் சொல் இல்லாததும் ஒரு காரணம் என்று உறுதியாக நம்புகிறேன். எங்கள் எதிர்வீட்டில் ஒரு தமிழ்ப்பெண், ஐடி வேலை, இரண்டு சின்னக் குழந்தைகள். ஓட்டுப் போடும் வாரத்தில் வீட்டுக்கு வந்தாள்.

“அக்கா, எனக்கு இதெல்லாம் படிக்க நேரமே இல்ல. எதுக்கு எஸ், எதுக்கு நோன்னு நீங்களே சொல்லிடுங்க.”

“அதை நான் சொல்லக்கூடாதும்மா. பின்பக்கத்தை மட்டும் காட்டுறேன், நீயே பாரு” என்றேன்.

ப்ராப் 6-ஐ ஆங்கிலத்தில் படித்தாள். “ஜெயில்ல வேலை பாக்கணுமா வேண்டாமான்னு கேக்கறாங்க. பாக்கட்டுமே அக்கா” என்றாள். நம் ஊர்க் கொத்தடிமையைப் பற்றிச் சொன்னேன். அது கடனுக்கு, இது தண்டனைக்கு, இரண்டும் ஒன்றல்ல என்பதையும் சேர்த்தே சொன்னேன். புரூஃப் பார்த்த வாய்க்கு அரைகுறையாகச் சொல்ல வராது. ஆனாலும் ‘மாட்டேன்’ என்று சொல்ல முடியாத வேலை என்பது இரண்டிலும் உண்டு. அவள் கொஞ்ச நேரம் எதுவும் பேசவில்லை. “இதை இப்படி யாருமே எங்கிட்ட சொல்லலையே” என்றாள். எப்படிப் போட்டாள் என்று நான் கேட்கவில்லை.

ஆக, எதிர்வாதம் இல்லாதது ஒரு ப்ராப்புக்கு நல்லது என்று நினைத்தது என் தவறு. எதிர்ப்பவர் வந்து எழுதியிருந்தால் ஆதரிப்பவருக்கு மறுத்து எழுத 250 சொல் கிடைத்திருக்கும். படிப்பவருக்கு மனதில் இருந்த சந்தேகத்துக்குப் பதில் கிடைத்திருக்கும். வெற்றிடத்தைப் பார்த்தவர்கள் தங்கள் மனதில் ஏற்கெனவே இருந்ததையே அதில் எழுதிக்கொண்டார்கள் போலிருக்கிறது.

ப்ராப் 5-ல் எங்கள் வீடு இரண்டாகப் பிரிந்தது. அதன் கதை 1978-ல் தொடங்குகிறது. அந்த வருடம் ப்ராப் 13 என்ற அரசியலமைப்புத் திருத்தம் சொத்து வரியை மதிப்பில் 1 சதவீதம் என்று கட்டிப்போட்டது, வரிக்கான மதிப்பை ஆண்டுக்கு 2 சதவீதத்துக்கு மேல் உயர்த்தக் கூடாது என்றது. அந்த 1 சதவீதத்துக்கு மேல் சொத்து வரியில் கடன் அடைக்கும் கடன் பத்திரங்களை ஊர் நிர்வாகங்கள் வெளியிட வேண்டுமானால் மூன்றில் இரண்டு பங்கு வாக்காளர் ஒப்ப வேண்டும். 2000-ல் பள்ளிகளுக்கு மட்டும் அதை 55 சதவீதமாகக் குறைத்தார்கள். ப்ராப் 5, கட்டுப்படியாகும் வீடுகளுக்கும் சாலை, குடிநீர் போன்ற வசதிகளுக்கும் அதே 55 சதவீதத்தைக் கேட்டது. பின்பக்கத்தில் இதன் வாசகம் நீளம், கடினம். ஒரு பிரிவு இன்னொரு பிரிவைக் காட்டும், அது வேறொன்றைக் காட்டும். நான் பென்சிலால் அம்புக்குறி போட்டுப் போட்டு அந்தப் பக்கத்தைச் சிலந்தி வலை ஆக்கிவிட்டேன். இங்கே என்னைக் காப்பாற்றியது ஆய்வாளரின் அலசல். என்ன மாறுகிறது, செலவு யார் தலையில் என்பதைச் சுற்றி வளைக்காமல் சொல்லியிருந்தார்கள்: ஊர்கள் கூடுதலாகக் கடன் வாங்கும், எவ்வளவு என்பது அந்தந்த ஊரும் அதன் வாக்காளர்களும் எடுக்கும் முடிவைப் பொறுத்தது, அந்தக் கடன் கூடுதல் சொத்து வரியால் அடையும்.

“ஏங்க, நம்ம பொண்ணால இந்த ஊர்ல வீடு வாங்க முடியுமா?” என்று கேட்டேன்.

“வாங்கின வீட்டுக்கு நாம வரி கட்ட முடியுமான்னு முதல்ல பாரு” என்றார்.

அவர் ‘இல்லை’, நான் ‘ஆம்’. மாநிலத்தில் ஏறத்தாழ 55 சதவீதம் பேர் அவர் பக்கம். இதில் எனக்கு வருத்தம் இல்லை. இருவரும் ஒரே பக்கத்தைப் படித்து, ஒரே கணக்கைப் புரிந்துகொண்டு, வேறு வேறு முடிவுக்கு வந்தோம்.

வாதங்கள் பகுதியைப் பற்றிச் சொல்ல வேண்டும். முதன்மை வாதத்துக்கு 500 சொல், மறுப்புக்கு 250 சொல் வரம்பு. எழுதுபவர்கள் அந்தந்தத் தரப்பினரே. பெரிய எழுத்துகளில் கத்துவார்கள், ஆச்சரியக்குறிகளை வாரி இறைப்பார்கள். ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும், இவை எழுதியவர்களின் கருத்துகள், எந்த அரசு அமைப்பும் இவற்றின் உண்மையைச் சரிபார்க்கவில்லை என்று ஒரு குறிப்பு இருக்கும். சிறிய எழுத்தில் இருப்பதால் பலர் கண்ணில் படாது. அந்தக் குறிப்பைப் பக்கத்தின் தலையில், தடித்த எழுத்தில் வைக்க வேண்டும் என்பது என் கோரிக்கை. அரசு முத்திரை போட்ட புத்தகத்தில் இருப்பதெல்லாம் அரசு சொல்வது என்று நினைக்கும் பழக்கம் நம்மவர்களுக்கு அதிகம். என் கணவரே முதலில் அப்படித்தான் நினைத்தார்.

அதேசமயம், சரிபார்ப்பே இல்லை என்றும் சொல்லிவிட முடியாது. அச்சுக்குப் போவதற்கு முன் 20 நாள் புத்தகம் முழுவதையும் பொதுமக்கள் பார்வைக்கு வைக்கிறார்கள். பொய்யோ திசைதிருப்பலோ இருந்தால் எந்த வாக்காளரும் மாநிலத் தலைநகரான சாக்ரமென்டோவின் நீதிமன்றத்துக்குப் போய் மாற்றக் கேட்கலாம். மாநிலத்துக்கே புரூஃப் பார்க்க 20 நாள் தருகிறார்கள் என்று தெரிந்தபோது, இந்த ஊர் எனக்கு இன்னும் கொஞ்சம் சொந்தமானது.

குறைகளில் பெரியது மொழி. 2024 புத்தகம் பத்து மொழிகளில் வந்தது: ஆங்கிலம், ஸ்பானிஷ், சீனம், இந்தி, ஜப்பானியம், கெமர், கொரியன், டகலாக், தாய், வியட்நாமியம். எங்களுக்கு இரண்டு வீடு தள்ளி இருக்கும் லக்னோ அம்மாள் இந்திப் பதிப்பைக் கேட்டு வாங்கி, கண்ணாடியை மாட்டிக்கொண்டு திண்ணையில் உட்கார்ந்து படிக்கிறார். அதைப் பார்க்கும்போது எனக்கு ஏக்கமாக இருக்கும். எனக்கு ஆங்கிலம் ஓடும். ஆனால் பிள்ளைகளோடு இருக்க வந்து, வயதான காலத்தில் குடியுரிமை வாங்கிய எத்தனையோ தமிழ்ப் பெற்றோர் இங்கே இருக்கிறார்கள். அவர்கள் மகனோ மருமகளோ சொல்வதைத்தான் சீட்டில் நிரப்புகிறார்கள். ‘கொத்தடிமை’ என்ற ஒரு சொல் என் வரவேற்பறையில் என்ன செய்தது என்று பார்த்த பிறகு, தமிழ்ப் பதிப்பு வேண்டும் என்று கேட்பதை நான் நிறுத்தப்போவதில்லை.

பார்வை குறைந்தவர்களுக்குப் பெரிய எழுத்துப் பதிப்பும் ஒலிப்பதிவும் உண்டு, அதுவும் இலவசம். இணையத்திலும் முழுப் புத்தகம் கிடைக்கிறது. ஆனால் முழு வாசகத்தைத் திரையில் படிக்கச் சொல்ல மாட்டேன். கோடு கிழித்த சொற்களைத் தாளில் பார்ப்பது வேறு. மாவட்டத்திலிருந்து தனியாக ஒரு சிறிய புத்தகமும் வரும், உள்ளூர் விஷயங்களுக்கு. இரண்டையும் குழப்பிக்கொள்ள வேண்டாம்.

மற்ற மாநிலங்களில் இருக்கும் சொந்தக்காரர்களிடம் இதைப் பற்றிப் பேசினால் ஒவ்வொருவர் கதையும் வேறு. ஹூஸ்டனில் இருக்கும் என் தம்பிக்கு 2025 நவம்பரில் ஒரே சீட்டில் 17 அரசியலமைப்புத் திருத்தங்கள். பதினேழும் நிறைவேறின. “அக்கா, நாலாவதுக்கு மேல நான் படிக்கல” என்றான், தொலைபேசியிலேயே திட்டினேன். ஃப்ளோரிடாவில் 60 சதவீதம் வேண்டும். 2024-ல் அங்கே கருக்கலைப்பு உரிமைத் திருத்தம் 57 சதவீதம் வாங்கியும் தோற்றது. இங்கேயோ, கையெழுத்துத் திரட்டுபவர்கள் முந்தைய ஆளுநர் தேர்தலில் பதிவான ஓட்டுகளில் 8 சதவீதம் அளவுக்குச் செல்லும் கையெழுத்துகளைக் கொடுத்துவிட்டால் சட்டமன்றத்தைத் தொடாமலே அரசியலமைப்பைத் திருத்தக் கேட்கலாம், பாதிக்கு மேல் ஓட்டு வந்தால் முடிந்தது. 1911-லிருந்து இப்படித்தான். கடைக்கு வெளியே அட்டையை நீட்டிக் கையெழுத்துக் கேட்பவர்களிடம் நான் இப்போது முழு வாசகத்தைக் காட்டச் சொல்கிறேன். பலர் வேறு ஆளைப் பார்க்கப் போய்விடுகிறார்கள்.

2025 நவம்பர் 4 தேர்தலுக்கு வந்த புத்தகம் மெலிதானது, ப்ராப் 50 ஒன்றுதான். நாடாளுமன்றத் தொகுதி எல்லைகளைத் தற்காலிகமாக மாற்றும் திருத்தம், சுமார் 64 சதவீத ஆதரவோடு நிறைவேறியது. ஒரே கேள்வி என்பதால் என் கணவரும் முதல் முறையாகப் பின்பக்கத்திலிருந்து படித்தார். என் சிவப்புப் பேனாவையும் எடுத்துக்கொண்டார்.

அதில்தான் இப்போது சிக்கல். ஒரு வீட்டுக்கு ஒரு பிரதிதான் அனுப்புகிறார்கள். தாளும் செலவும் மிச்சம், சரிதான். ஆனால் நான் குறிப்பு எழுதிய பக்கத்தில் அவர் தன் குறிப்பை எழுதுகிறார், என் கேள்விக்கு ஓரத்தில் பதில் வேறு. கேட்டால் கூடுதல் பிரதி இலவசமாகவே தருவார்களாம். 2026 நவம்பர் புத்தகத்துக்கு இரண்டு பிரதி கேட்கப்போகிறேன். மூன்றாவது ஒன்று கிடைத்தால் எதிர்வீட்டுப் பெண்ணுக்கு.